ஜார்ஜியா 6-ஆம் தொகுதி: மாறியது வாக்காளரா, கோடா?

ரோஸ்வெல்லில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. பின்னாளில் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரான நியூட் கிங்ரிச் இருபது வருடம் உட்கார்ந்திருந்த ஜார்ஜியா 6-ஆம் காங்கிரஸ் தொகுதி குடியரசுக் கட்சியின் கோட்டை. 2024-இல் அதே தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் லூசி மெக்பாத் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்கு வாங்கி ஜெயித்தார். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் குடியேறிய இந்தியர்களும் மற்ற ஆசியர்களும்தான் இப்படிப் புரட்டிப் போட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா? கேள்வி ஒன்றுபோலத் தெரிகிறது, ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஆசிய வாக்குகளின் பங்கு எவ்வளவு என்பது ஒன்று. கிங்ரிச்சின் 6-உம் மெக்பாத்தின் 6-உம் ஒரே இடம்தானா என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் கேட்கவே இல்லை, ஆம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது, அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் மாநிலங்களுக்கு இடங்கள் பிரித்துத் தரப்படும். மாநிலத்துக்குள் தொகுதி எல்லைக் கோடு போடுவது ஜார்ஜியாவில் மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. சாதாரண மசோதா போலவே நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்துப் போட்டால் சட்டம். தனி ஆணையம் எதுவும் இல்லை. ஆக, அப்போது பெரும்பான்மையில் இருக்கும் கட்சியின் கையில்தான் பென்சில். ஜார்ஜியாவுக்கு 1980-களில் 10 இடங்கள், 1992-இல் 11, 2002-இல் 13, 2012 முதல் 14. இடம் கூடும்போதெல்லாம் பழைய தொகுதிகள் சுருங்கி நகர்ந்தாக வேண்டும். எந்த எண் எங்கே ஒட்டப்படுகிறது என்பதற்கு விதி ஏதும் இல்லை. ஊர் நகராது, எண் நகரும்.

எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு 6-ஐ விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1960-களின் தொடக்கத்தில் 6 என்றால் மில்லெட்ஜ்வில்லைச் சேர்ந்த கார்ல் வின்சன், அதாவது மாநிலத்தின் நடுப்பகுதி. அட்லாண்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்போது தொகுதிகளின் அளவிலும் ஒழுங்கு கிடையாது. அட்லாண்டாவை உள்ளடக்கிய 5-ஆம் தொகுதியில் 8,23,680 பேர், மாநிலத்தின் வடக்கே 9-ஆம் தொகுதியில் 2,72,154 பேர். இருவருக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்தான். 5-ஆம் தொகுதி வாக்காளர்கள் தொடுத்த வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ் வழக்கில், ஒரு மாநிலத்துக்குள் காங்கிரஸ் தொகுதிகளின் மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று 1964 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் போட்ட கோட்டில்தான் 6 என்ற எண் அட்லாண்டாவுக்குத் தெற்கே வந்தது, ஜான் ஃபிளின்ட் என்ற பழைய பாணி ஜனநாயகக் கட்சிக்காரரின் கையில். ஆகவே "6-இன் வரலாறு" என்று 1964-க்கு முந்தைய பட்டியலையும் சேர்த்து வாசிப்பதில் பயனில்லை.

கிங்ரிச் முதலில் போட்டியிட்டது இந்தத் தெற்கு-மேற்கு 6-இல். அவர் கேரல்டனில் மேற்கு ஜார்ஜியா கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். தொகுதி அட்லாண்டா விமான நிலையத்தை ஒட்டிய தெற்குப் புறநகரில் தொடங்கி அலபாமா எல்லை வரை நீண்டது. 1974-இல் நின்றார், தோற்றார். அது குடியரசுக் கட்சி ஜனாதிபதி நிக்சன் பதவி இழந்த வாட்டர்கேட் ஊழல் வருடம், அவர் கட்சிக்காரர்கள் நாடு முழுக்க அடி வாங்கிய நேரம். அப்படியும் ஃபிளின்டைவிட மூன்று விழுக்காட்டுப் புள்ளிதான் பின்தங்கினார். 1976-இல் மறுபடி நின்று மறுபடி தோற்றார். அந்த முறை ஜனாதிபதி வேட்பாளராக வாக்குச்சீட்டின் தலையில் ஜார்ஜியாவின் சொந்தப் பிள்ளை ஜிம்மி கார்ட்டர் இருந்தார். 1978-இல் ஃபிளின்ட் ஓய்வு பெற்றார். காலியான இடத்தில் வர்ஜீனியா ஷாபார்டைத் தோற்கடித்து கிங்ரிச் உள்ளே போனார். வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அந்தப் பகுதி ஏற்கெனவே பாதிக்குப் பாதியாகத்தான் இருந்தது, ஃபிளின்டின் பழைய செல்வாக்குதான் அணைபோட்டு வைத்திருந்தது. இது என் கணிப்பு, ஆனால் மூன்று தேர்தல் எண்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

அந்த 6 கோட்டையாக இருந்ததே இல்லை என்பதற்கு 1990 சாட்சி. சபையில் கட்சியின் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்ட கிங்ரிச், டேவிட் வோர்லி என்ற இளம் வழக்கறிஞரிடம் வெறும் 974 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். காரணங்களை எண்ணிச் சொல்லலாம். 1989-இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தம் நடந்தது. தொகுதிக்குள் விமான நிலையத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய, அவர்கள் பக்கம் அவர் நிற்கவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்கே ஊதிய உயர்வு போட்டுக்கொண்டதை வோர்லி ஊர் ஊராகச் சொன்னார். வோர்லியிடம் இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் அமெரிக்க அரசியலே மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. 974 என்ற எண்ணுக்கு எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். அதை விட்டுவிடுவோம்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையிலேயே சுவையான இடம். அப்போது ஜார்ஜியாவின் பத்து உறுப்பினர்களில் ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சி, கிங்ரிச் ஒருவர்தான் குடியரசுக் கட்சி. மாநிலச் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் சபாநாயகராக இருந்த டாம் மர்ஃபிக்கு கிங்ரிச்சைக் கண்டாலே ஆகாது. மர்ஃபியின் ஊரான பிரெமன் கிங்ரிச்சின் தொகுதிக்குள்ளேயே இருந்தது வேறு. 1991 மறுவரையறையில் கிங்ரிச்சின் தொகுதியை மூன்றாகக் கிழித்து அக்கம்பக்கத் தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். அவர் வீடு இருந்த கேரல்டன், ரிச்சர்ட் ரே என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினரின் 3-ஆம் தொகுதிக்குப் போனது. 6 என்ற எண்ணை எடுத்து, கிங்ரிச் ஒருநாளும் பிரதிநிதியாக இருந்திராத வடக்குப் புறநகரில், காப் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வடக்கு ஃபுல்டனிலும் ஒட்டினார்கள். குடியரசுக் கட்சி வாக்குகளை ஓரிடத்தில் குவித்து அடைத்துவிட்டால் மற்ற இடங்களில் அவை சிந்தாது என்பது கணக்கு.

கிங்ரிச் கேரல்டன் வீட்டை விட்டுவிட்டு மரியெட்டாவுக்குக் குடிபெயர்ந்தார். சட்டப்படி தடையில்லை. பிரதிநிதி மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்று மட்டும்தான் அரசியல் சாசனம் சொல்கிறது, தொகுதியில் வசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1992-இல் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் உள்ளூர்க்காரர் ஹெர்மன் கிளார்க்கை 980 வாக்கில் தாண்டினார். அதன்பின் அவருக்குக் கவலையே இல்லை. அவரை ஒழிக்கப் போட்ட கோடு, நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான தொகுதிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தது. கூடவே, கேரல்டனைத் தன் தொகுதியில் வாங்கிக்கொண்ட ரிச்சர்ட் ரே அதே 1992-இல் குடியரசுக் கட்சியின் மேக் காலின்ஸிடம் தோற்றுப்போனார். 1994 தேர்தல் முடிந்தபோது 11 இடங்களில் 7 குடியரசுக் கட்சியிடம். மறு வருடம் ஜனநாயகக் கட்சியின் நேதன் டீல் கட்சி தாவியதும் 8. கோடு போட்டவர்கள் தாங்கள் காப்பாற்ற நினைத்ததையே கோட்டைவிட்டார்கள். நெருக்கமாகக் கணக்குப் போட்டு, பல தொகுதிகளில் மெல்லிய பெரும்பான்மையை வைத்துக்கொள்ளும் கட்சிக்கு, காற்று இரண்டு மூன்று புள்ளி எதிர்ப்பக்கம் அடித்தால் எல்லாம் சேர்ந்தே போகும். இது எந்தக் கட்சிக்கும் பொருந்தும்.

ஆக, "கிங்ரிச்சின் கோட்டை" என்று நீங்கள் கேள்விப்பட்டது 1992-க்குப் பிந்தைய வடக்குப் புறநகர் 6 மட்டுமே. 1998 தேர்தலில் ஜெயித்த கையோடு கிங்ரிச் விலகினார். 1999 பிப்ரவரி இடைத்தேர்தலில் அதே கட்சியின் ஜானி ஐசாக்சன் மறுசுற்றுக்கே வேலையில்லாமல் முதல் சுற்றில் ஜெயித்தார். 2004-இல் அவர் செனட்டுக்குப் போனபோது டாம் பிரைஸ் வந்தார். பன்னிரண்டு வருடம் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு, உண்மையான போட்டி உட்கட்சித் தேர்தலில்தான். இந்தக் காலத்தில் பொறுமையாகப் பார்க்க வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று: 2011 மறுவரையறையில் செரோக்கி கவுண்டி 6-இலிருந்து எடுக்கப்பட்டு 11-க்குக் கொடுக்கப்பட்டது. செரோக்கி குடியரசுக் கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிக்கும் கவுண்டி. மிச்சமிருந்தது கிழக்கு காப், வடக்கு ஃபுல்டன், வடக்கு டிகால்ப். 2012-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னி இங்கே 61 விழுக்காடு வாங்கியதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வந்திருக்காது. செரோக்கியை விடாமல் வைத்திருந்தால் 2018 வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம், ஏனென்றால் 2018 வித்தியாசம் அவ்வளவு சிறியது.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வரலாம். 2012-க்கும் 2020-க்கும் இடையே கோடு மாறவில்லை. இந்த எட்டு வருடம்தான் வாக்காளர் மாறினாரா என்று சோதிக்கத் தோதான காலம். 2012-இல் ராம்னி 23 புள்ளி முன்னிலை. 2016-இல் டிரம்ப் 48.3, ஹிலாரி கிளின்டன் 46.8, முன்னிலை ஒன்றரைப் புள்ளி. 2020-இல் பைடன் 11 புள்ளி முன்னிலை. ஒரே கோட்டுக்குள், எட்டே வருடத்தில், 34 புள்ளி ஆட்டம்.

முதல் நான்கு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு பக்கம் ஒன்று குறையும், மறுபக்கம் ஒன்று கூடும், வித்தியாசம் இரண்டு மாறும். முன்னிலை 21-22 புள்ளி குறைய வேண்டுமென்றால் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பேர் மாறியதற்குச் சமம். தொகுதி மக்கள்தொகையில் ஆசியர் மொத்தமே பத்து விழுக்காட்டை ஒட்டித்தான். அதில் குழந்தைகளைக் கழியுங்கள், குடியுரிமை இல்லாதவர்களைக் கழியுங்கள், ஏற்கெனவே ஜனநாயகக் கட்சிக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கழியுங்கள், இன்னும் குடியரசுக் கட்சிக்கே போடுபவர்களையும் கழியுங்கள். மிஞ்சும் எண்ணிக்கை இந்தப் பள்ளத்தை நிரப்பாது. நான்கு வருடத்தில் ஒரு புறநகரின் மக்கள் கலவை அவ்வளவு மாறுவதும் கிடையாது. ஆக, 2012–16 திருப்பம் பெரும்பாலும் அங்கேயே இருந்தவர்கள் மனம் மாறியதால் வந்தது. இதை உறுதியாகவே சொல்லலாம்.

அவர்கள் யார்? இதற்கும் அதே 2016 வாக்குச்சீட்டில் தடயம் இருக்கிறது. டிரம்ப் 48 வாங்கிய அதே நாளில் அதே வாக்காளர்களிடம் டாம் பிரைஸ் ஏறக்குறைய 62 வாங்கினார். மேலே டிரம்புக்குப் போடாமல் கீழே குடியரசுக் கட்சிக்கே போட்டவர்கள் எட்டில் ஒருவர் அளவுக்கு இருந்திருக்கிறார்கள். கட்சியை விட்டுப் போனவர்கள் இல்லை, ஒரு வேட்பாளரை ஒதுக்கியவர்கள். பட்டப்படிப்பு முடித்தவர்கள் வயதுவந்தோரில் ஏறக்குறைய 60 விழுக்காடாக இருந்த, நாட்டிலேயே அதிகம் படித்த தொகுதிகளில் ஒன்று இது. நாடு முழுக்க அந்த வருடம் படித்த வெள்ளையர் வாழும் புறநகர்கள் இதே திசையில்தான் நகர்ந்தன. ஆனால் "இந்த வீட்டுக்காரர் மாறினார், அந்த வீட்டுக்காரர் மாறவில்லை" என்று வாக்குச்சாவடி எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பட்டதாரிகள் அதிகம் உள்ள சாவடியில் வாக்கு மாறினால் மாறியது பட்டதாரிதான் என்று முடிவு கட்டுவது, புள்ளியியலில் பழைய பொறி. பல சாவடிகள் ஒரே திசையில் காட்டும்போது ஊகம் பலப்படும், நிரூபணம் ஆகாது.

பிரைஸ் 2017-இல் டிரம்பின் அமைச்சரவைக்குப் போனதால் வந்த இடைத்தேர்தல் உலகச் செய்தி ஆனது. ஜார்ஜியாவில் இடைத்தேர்தலுக்கு உட்கட்சிச் சுற்று கிடையாது, எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுசுற்று. ஏப்ரல் 18 அன்று 18 வேட்பாளர்கள். ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசோஃப் 48.1, குடியரசுக் கட்சியின் கேரன் ஹேண்டல் 19.8. குடியரசுக் கட்சிக்குள் பதினோரு பேர் பிரித்துக்கொண்டதால்தான் ஹேண்டலின் எண் அவ்வளவு சிறுத்தது. அதைப் பார்த்து "ஆசோஃப் இருமடங்குக்கு மேல் முன்னிலை" என்று எழுதியவர்கள் கட்சிவாரியாகக் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் முதல் சுற்றிலேயே குடியரசுக் கட்சி நூலிழை முன்னால்தான் இருந்தது. ஜூன் 20 மறுசுற்றில் ஹேண்டல் 51.8, ஆசோஃப் 48.2. முதல் சுற்றிலும் 48, மறுசுற்றிலும் 48. இரு தரப்பும் வெளியாட்களும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் கொட்டிய தேர்தல், அதுவரை நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களிலேயே அதிகச் செலவு.

அந்தப் பணம் என்ன செய்தது? இங்கே ஒரு விசித்திரமான எண் இருக்கிறது. 2016-இல் பிரைஸை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரசாரமே செய்யவில்லை, முகமே பலருக்குத் தெரியாது. அவருக்கு விழுந்தது ஏறக்குறைய 1,25,000 வாக்கு. கோடிக்கணக்கில் செலவழித்த ஆசோஃபுக்கு மறுசுற்றில் விழுந்ததும் ஏறக்குறைய அதே 1,25,000. பணம் வீண் என்று இதை வைத்துச் சிரித்தவர்கள் உண்டு. அது அவசர முடிவு. முன்னது ஜனாதிபதித் தேர்தல் நாள், தானாகக் கூட்டம் வரும். பின்னது ஜூன் மாதம், விடுமுறைக் காலம், சீட்டில் ஒரே ஒரு போட்டி. அந்த மறுசுற்றுக்கு வந்த சுமார் 2,60,000 பேர், 2014 நவம்பர் தேர்தலுக்கு வந்தவர்களைவிடவே அதிகம். பணம் ஆசோஃபின் ஆட்களை வெளியே கொண்டுவந்தது, எதிர்ப்பக்க ஆட்களையும் எழுப்பிவிட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அடுத்த வருடமே மெக்பாத் வந்தார். 2012-இல் புளோரிடாவில் மகன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடியவர். மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்க இருந்தவர், 2018 பிப்ரவரி பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காங்கிரஸுக்கு மாறினார். ஹேண்டலை 50.5-க்கு 49.5 என்று தோற்கடித்தார், வித்தியாசம் மூவாயிரத்துச் சொச்சம். அவர் வாங்கியது 1,60,000 வாக்கு, ஆசோஃபைவிட 35,000 கூடுதல். 2020-இல் மறுபடி எதிரே ஹேண்டல், இந்த முறை மெக்பாத் 54.6, ஹேண்டல் 45.4. இந்த இரண்டாவது கட்டத்தில்தான் புதிய வாக்காளர்களின் பங்கு தெரியத் தொடங்குகிறது: ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா பக்கத்து ஆசியர்கள், சாம்ப்ளி, டோராவில் பக்கத்து லத்தீன் இனத்தவர், சாண்டி ஸ்பிரிங்ஸ், புரூக்ஹேவன் அடுக்ககங்களில் குடியேறிய இளைஞர்கள். ஜார்ஜியாவில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் இனம் கேட்கப்படுவதால், எந்த இனத்தவர் எத்தனை பேர் வந்து வாக்களித்தார்கள் என்பது அரசு ஆவணத்திலேயே கிடைக்கும். யாருக்குப் போட்டார்கள் என்பது கிடைக்காது. கட்சிவாரிப் பதிவும் இந்த மாநிலத்தில் கிடையாது, உட்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சிச் சீட்டை வாங்கினார் என்பது மட்டும் பதிவாகும். ஆகவே "ஆசிய வாக்கு கூடியது" என்பது ஆவணம். "ஆசிய வாக்குதான் ஜெயிக்க வைத்தது" என்பது வாதம். மூவாயிரம் வித்தியாசத்தில் முடிந்த 2018-ஐ வைத்து எந்தச் சிறு குழுவும் "நாங்கள்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம், கணக்கு யாரையும் மறுக்காது.

உங்கள் அலுவலகத்தில் பேசுபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று. ஜான்ஸ் கிரீக்கிலும் ஆல்ஃபரெட்டாவிலும் வீடு வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன தமிழ்க் குடும்பங்களில் கிரீன் கார்டு வரிசையிலேயே நிற்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் கணக்கெடுப்பில் அவர்கள் தலை எண்ணப்படும், தொகுதிகள் மொத்த மக்கள்தொகையை வைத்தே சமப்படுத்தப்படும். 2020 கணக்கில் ஜார்ஜியாவின் 1,07,11,908 பேரை 14-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 7,65,136. ஓரிருவர் முன்பின்னாக ஒவ்வொரு தொகுதியும் அந்த எண்ணில் நிற்க வேண்டும். வாக்குச்சாவடிப் பக்கமே போகாத குடும்பமும் கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் பங்கு வகிக்கிறது. வடக்குப் புறநகர் இந்தியர்களின் செல்வாக்கைப் பேசும்போது வாக்கைவிட இதுதான் முதலில் வர வேண்டும் என்பேன்.

2021-இல் பென்சில் குடியரசுக் கட்சியிடம். மெக்பாத்தின் 6-இலிருந்து டிகால்ப் பகுதியை வெட்டி, வடக்கே ஃபோர்சைத், டாசன், செரோக்கியின் ஒரு பகுதி என்று நீட்டினார்கள். ஒரே இரவில் பைடன் 11 புள்ளி முன்னிலை வாங்கிய தொகுதி, டிரம்ப் சுமார் 15 புள்ளி முன்னிலை வாங்கிய தொகுதி ஆனது. ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை. மெக்பாத் பக்கத்து 7-க்குப் போய், 2022 மே உட்கட்சித் தேர்தலில் சக உறுப்பினர் கரோலின் போர்டோவைத் தோற்கடித்தார். 6-இல் குடியரசுக் கட்சியின் ரிச் மெக்கார்மிக் 62 விழுக்காட்டில் ஜெயித்தார். கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்காது என்று 2019-இலேயே ரூச்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்த வாதத்தோடு யாரும் அங்கே போக முடியாது. இன அடிப்படையில் போகலாம், போனார்கள்.

2023 அக்டோபர் 26 அன்று மாவட்ட நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ், இந்த வரைபடம் இன அடிப்படையில் வாக்குரிமையைக் குறைப்பதைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவை மீறுகிறது, அட்லாண்டாவின் மேற்கில் கூடுதலாக ஒரு கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இதற்கான அளவுகோல் 1986-இன் கிங்கிள்ஸ் வழக்கிலிருந்து வருவது: அந்தச் சிறுபான்மையினர் நெருக்கமாக வாழ்ந்து ஒரு தொகுதியில் பாதிக்கு மேல் இருக்க முடியுமா, ஒன்றுபோல் வாக்களிக்கிறார்களா, வெள்ளைப் பெரும்பான்மை சேர்ந்து நின்று அவர்கள் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்கிறதா. டிசம்பரில் சட்டமன்றம் கூடி அந்தப் புதிய தொகுதியை வரைந்தது: காப், டக்ளஸ், ஃபுல்டன், ஃபேயட் கவுண்டிகளின் பகுதிகள். நீதிபதி இடத்தைத்தான் சொன்னார், எண்ணைச் சொல்லவில்லை. 6 என்ற எண்ணை அங்கே ஒட்டியது சட்டமன்றம். கூடவே, எந்த ஒரு இனமும் பாதியைத் தாண்டாத, ஆனால் வெள்ளையர் அல்லாதோர் சேர்ந்து பெரும்பான்மையாக இருந்த மெக்பாத்தின் 7-ஐக் கலைத்துவிட்டது. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். மெக்பாத் மறுபடி பெட்டி கட்டி, 6 என்ற எண்ணுக்குத் திரும்பினார், ஆனால் ஊர் வேறு. மெக்கார்மிக் 7-க்குப் போனார். மாநிலத்தின் மொத்தக் கணக்கு முன்பும் குடியரசுக் கட்சி 9, ஜனநாயகக் கட்சி 5, பின்பும் அதே 9–5.

இதை நீங்களே சரிபார்க்க வேண்டுமென்றால், உறுப்பினர் பட்டியலில் தொடங்காதீர்கள், வரைபடத்தில் தொடங்குங்கள். இந்தத் தொகுதிக்கு 1992, 1996, 2002, 2006, 2012, 2022, 2024 ஆகிய தேர்தல்களில் கோடு மாறியிருக்கிறது. 1996-இல் நீதிமன்றத் தலையீடு, 2006-இல் பத்து வருடம் ஆகும் முன்பே சட்டமன்றம் திருப்பிப் போட்டது. இரண்டு கோட்டு மாற்றங்களுக்கு இடையில் உள்ள தேர்தல்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பிரதிநிதிகள் சபை எண்களைவிட ஜனாதிபதித் தேர்தல் எண்களை நம்புங்கள், ஏனென்றால் சபைத் தேர்தலில் எதிராளியே இல்லாத வருடங்கள் வரும், பெயருக்கு நின்றவர் வருவார், இடைத்தேர்தல் குறுக்கே வரும். சபைத் தேர்தலின் அதிகாரபூர்வ எண்கள் சபை எழுத்தர் அலுவலகம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வெளியிடும் தொகுப்பில் கிடைக்கும். ஜனாதிபதி வாக்கைத் தொகுதிவாரியாகப் பார்க்கும்போது எந்த வருடக் கோட்டுக்குள் கூட்டியது என்று கட்டாயம் கவனியுங்கள். "2020-இல் 6-ஆம் தொகுதியில் யார் முன்னிலை?" என்றால் மூன்று சரியான விடைகள் உண்டு: பழைய கோட்டில் பைடன் 11, 2021 கோட்டில் டிரம்ப் சுமார் 15, 2023 கோட்டில் பைடன் நான்கில் மூன்று பங்கு. வாக்குச்சாவடி எண்களை நீங்களே கூட்டுவதானால், கோடு நடுவில் ஓடி இரண்டாகப் பிரிக்கும் சாவடிகளில் வாக்கை மக்கள்தொகை விகிதத்தில் பிரிக்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு புள்ளி முன்பின் தவறு வரும், அதற்குக் குறைந்த வித்தியாசத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

ரோஸ்வெல் என்று எழுதியிருந்தீர்கள். 2024 தேர்தலுக்குப் பயன்பட்ட வரைபடத்தில் அந்தப் பக்கம் 7-ஆம் தொகுதி. 2025 பிப்ரவரியில் ரிச் மெக்கார்மிக் மக்களைச் சந்தித்து, கூச்சலுக்கு நடுவே பதில் சொன்னது ரோஸ்வெல் நகர மண்டபத்தில்தான். உங்கள் பிரதிநிதி மெக்பாத் இல்லை, அவர். மாநிலச் செயலரின் 'மை வோட்டர் பேஜ்' பக்கத்தில் பெயரும் பிறந்த தேதியும் கவுண்டியும் கொடுத்தால் உங்கள் முகவரிக்கான எண்ணையும் மாதிரி வாக்குச்சீட்டையும் காட்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.